இடது பக்கம் யார் பார்ப்பது?

தம்பி,

இதை வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் பேசி அனுப்புவதையெல்லாம் நீ வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறாய் என்று கவிதா உன்னைப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அப்படிக் கேட்டால் என் குரல் கிளி கத்துவது மாதிரி இருக்குமாம், புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து சிரிப்பீர்களாம். சிரியுங்கள், கல்யாணமான புதுசு, எதற்கும் சிரிப்பு வரும். ஆனால் இந்த விஷயத்தை நீ அரைகுறையாகக் காதில் வாங்கிக்கொண்டு, "சரிம்மா, பார்க்கலாம்மா" என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தானே, எழுத்துக் கூட்டியாவது படி. பாதியில் வைத்துவிடாதே.

சொல்ல வந்தது இதுதான். ஐரோப்பாவில் அந்த வாடகைக் காரை நீ உறுதி செய்வதற்கு முன்னால் உன் கண்ணைக் காட்ட வேண்டும். பேரங்காடியில் இருக்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் அல்ல, கண் டாக்டரிடம். அப்பாவின் பார்வையைத் தின்ற அந்தக் கண் அழுத்தம் உனக்கும் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்று ஒரு மரியாதைக்காக எழுதுகிறேன். போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் ரெங்கத்துக்கு நம் வீட்டுக்கு வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு லேப்டாப்பை டிவியில் மாட்டினாய். வரைபடம் திரை முழுக்க விரிந்தது. போர்ச்சுகலில் இறங்கி, காரை எடுத்து, ஸ்பெயினின் தெற்குக் கரையோரமாகவே ஓட்டி, பிரான்சைத் தொட்டுக்கொண்டு, இத்தாலியின் கால் நுனி வரைக்கும் போய், கடைசியில் காரோடு கப்பலேறி கிரேக்கம் என்றாய். "இலையுதிர் காலத்துல போனாதாம்மா நல்லது. வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது." அப்பா நாற்காலியை டிவிக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் திரை மொத்தமும் ஒரேயடியாகத் தெரியாது. குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம். அந்த வட்டத்தை ஊர் ஊராக நகர்த்திக்கொண்டு உன் பின்னாலேயே வந்தார். "நம்ம ரப்பர் மரமெல்லாம் மொத்தமா இலை கொட்டுமே, அந்த மாதிரியா இருக்கும்?" என்று கேட்டார். "அதைவிடப் பெருசுப்பா, திராட்சைத் தோட்டமெல்லாம் மலை மலையா செவந்து கிடக்கும். நீங்க பார்க்காததையெல்லாம் நான் பார்த்துட்டு வரேன்" என்றாய். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

பிறகு ஒரு வீடியோ போட்டாய். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கடல், நடுவில் இரண்டு கார்கள் உரசிக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு பாதை. வளைவுக்கு வளைவு எதிரே என்ன வருகிறது என்றே தெரியவில்லை. கவிதா தேநீர் கொண்டுவந்து உன் இடது பக்கம் வைத்தாள். நீ கையை நீட்டி ஏதோ காட்டினாய், முழங்கை பட்டுத் தேநீர் தரையெல்லாம் கொட்டியது. "அலமாக்! யாரு இங்க வச்சது?" என்று அவள் மேல் பாய்ந்தாய். எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைத்தாள். நான் துணியை எடுத்துத் துடைத்தேன். உன் அப்பாவும் இப்படித்தான், ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒரு குவளை உடைப்பார். இப்போது அவருக்கு எதையும் நேர் முன்னால்தான் வைக்கிறேன், அது உனக்குத் தெரியும்.

கவிதா பாவம், பேச்சை மாற்றுவதற்காக என்னிடம் சொன்னாள்: "அங்க அக்டோபர் கடைசியில கடிகாரத்தையே ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வச்சிடுவாங்க அத்தை. அதுக்கப்புறம் சாயங்காலமே இருட்டிடுமாம்." நமக்கு வருஷம் முழுக்க இருட்டு ஒரே நேரத்தில்தான் வரும். நீ வண்டி ஓட்டப் பழகியதெல்லாம் அப்படிப்பட்ட ஊரில். அங்கே தேநீர் குடிக்கிற நேரத்துக்கே இருட்டிக்கொண்டு வந்தால் நீ அந்தப் பாறை ரோட்டில்தான் இருப்பாய். அப்பாவுக்கும் முதலில் போனது அந்த அந்தி வெளிச்சம்தான். பட்டப்பகலில் ஊசியில் நூல் கோர்ப்பார், சாயங்காலம் வாசற்படியில் இடித்துக்கொள்வார். நாங்கள் கவனக்குறைவு என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலை, பயணத்துக்கு ஒத்திகை என்று சொல்லி எங்களை மூவாருக்குச் சாத்தே சாப்பிட அழைத்துப் போனாய். அப்பா முன் சீட்டு வேண்டாம், தலை சுற்றுகிறது என்று என்னோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். நீ வலது பக்கம் ஓட்டுகிறாய், கவிதா உன் இடது பக்கம். ஆயர் ஹீத்தாம் தாண்டுகிற வரைக்கும் நான் வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் என் காதில் விழ ஆரம்பித்தது. "மோட்டார் வருதுங்க." "லெஃப்ட்ல லோரி." சிம்பாங்கில், ரோடு பிரிகிற முனையில், நீ நின்றபோது, "ம்ம், இப்ப போலாம்." அவள் கையில் கைப்பேசி, மடியில் கச்சான் கடலைப் பொட்டலம். கொறித்துக்கொண்டே, யாருக்கோ பதில் தட்டிக்கொண்டே, தலையை மட்டும் ஒரு தரம் இடது பக்கம் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடியும் கைப்பேசிக்குப் போய்விடுகிறாள். நீயும் அவள் சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கிறாய். அது கவிதாவின் குரல் இல்லை தம்பி, என் குரல்.

உனக்கு நினைவிருக்கும், நீ பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு வருவாய். சிம்பாங் வந்தால் அப்பா வண்டியை நிறுத்துவார், நான் இடது பக்கம் எட்டிப் பார்த்து, "போலாம்" என்பேன். அவர் எடுப்பார். யாரும் இதைப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியாது. அவர் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றை ஒரு நாள் நான் சொல்லியிருப்பேன், மறுநாள் இன்னொன்று, அப்புறம் அதுவே பழகிவிட்டது. "அண்ணன் சும்மா ஸ்டீரிங்கைப் பிடிச்சிருக்காரு, வண்டியை ஓட்டுறது அண்ணிதான்" என்று உன் சித்தப்பா கேலி செய்வார். எனக்குக்கூட அதில் ஒரு பெருமை இருந்தது. கேட் தூணில் இடித்தார், நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கினார், கண் பட்டிருக்கும் என்று கோயில் வாசலில் வண்டியை நிறுத்திப் பூசணிக்காய் உடைத்தோம். பட்டது யாருடைய கண்ணும் இல்லை, கெட்டது அவருடைய கண் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நீ ஜேபி டவுனில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த சமயம், எனக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் அவர் தனியாக சிம்பாங் ரெங்கம் டவுனுக்குச் சாமான் வாங்கப் போனார். அந்தக் கதையை உனக்கு ஒரு வரியில்தான் சொன்னோம், அப்பா காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துக்கொண்டார் என்று. முழுக்கக் கேள். சாமான்களோடு திரும்பி வந்து, வண்டியை நிறுத்தி, உள்ளே வந்து தேநீர் கேட்டார். நான் பையை எடுக்க வெளியே போனால் வண்டியின் இடது பக்கக் கண்ணாடி இல்லை. ஒடிந்து, ஒயர் மட்டும் தொங்குகிறது. "என்னங்க, கண்ணாடி எங்க?" என்றேன். "எந்தக் கண்ணாடி?" என்றார். அவருக்குத் தெரியவே தெரியாது. எதிலோ மோதியிருக்கிறார், சத்தம் கேட்டதாகக்கூட நினைவில்லை, ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் முகம் அப்படி வெளுத்ததை அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனின் வண்டியில் ஏறி அதே ரோட்டில் திரும்பிப் போனோம். இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், ஆள் நடமாட்டமே இல்லை. ஓரிடத்தில் கண்ணாடி கிடந்தது. முகம் பார்க்கிற பக்கம் மேலே பார்த்தபடி, அதில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மரம் இல்லை, தூண் இல்லை, அறிவிப்புப் பலகை இல்லை. மோதுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை தம்பி. அப்பா செம்பனைக்குள் இறங்கி, "ஆராச்சும் இருக்கீங்களா?" என்று தமிழிலும் மலாயிலும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். முனையில் வாழைப்பழம் பொரித்து பிசாங் கோரேங் விற்கிற அம்மாவிடம் கேட்டோம், ஒன்றும் நடக்கவில்லையே என்றாள். போலீஸ் நிலையத்தில் கேட்டோம், அங்கேயும் யாரும் வரவில்லை என்றார்கள். அது மாடாக இருக்கலாம். மனிதராகவும் இருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் தெரியாது. இன்றைக்கும் அந்த ரோட்டில் போனால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார், நீ கவனித்திருக்க மாட்டாய்.

அன்றோடு அவர் சாவியைத் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சின்னச் சின்ன வெளிச்சம் வரும், தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். அவர் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, "ஏன் அங்கிள் அழுத்த மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். "நீங்க இன்னும் லைட்டே போடலையேம்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். வெளிச்சம் அது பாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது என்று அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர், போனது போனதுதான், இருப்பதை மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். "இவ்வளவு நாள் எப்படித்தான் வண்டி ஓட்டினீங்க?" என்று அதிசயப்பட்டார். அப்பா விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

பிள்ளைகளுக்கும் வரும், கட்டாயம் பார்த்துவிடுங்கள் என்று அன்றே டாக்டர் சொன்னார். நான் உனக்குப் போன் போட்டுச் சொன்னேன். நீ ஏதோ ஒரு கண்ணாடிக் கடையில் போய் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு, "கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டேம்மா, கண்ணு பர்ஃபெக்ட்" என்றாய். நானும் நிம்மதியாகிவிட்டேன். உன் அப்பா இன்றைக்கும் கடைசி வரி வரைக்கும் படிப்பார் தம்பி. நேரே வைத்தால் கொசுவின் காலைக்கூட எண்ணிவிடுவார். பக்கவாட்டில் யானை நின்றாலும் தெரியாது.

மூவாரில் கை கழுவுகிற இடத்தில் கவிதாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நீ எப்பவும் இப்படிச் சொல்லிக்கிட்டேதான் வருவியாம்மா?" அவளுக்குப் புரியவில்லை. "என்ன அத்தை சொல்றேன்?" என்றாள். விளக்கிச் சொன்னதும் யோசித்தாள். "நானா சொல்றேன்? தெரியலையே அத்தை. அவரு வண்டியை சடார்னு லெஃப்ட்ல சாய்ச்சிடுவாரு, எனக்கு பயமா இருக்கும், அதனால வாயில வந்திருக்கும்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பயமுறுத்தவும் மனம் வரவில்லை. வெளியே வந்தபோதுதான் உன் காரின் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், கறுப்பு டேப் சுற்றி நிறுத்தி வைத்திருந்தாய். கேட்டதற்கு, "பார்டர் கஸ்டம்ஸ் போற ரோட்டுல மோட்டார்காரனுங்கம்மா, கண்ணு மண்ணு தெரியாம வந்து ஒரசிட்டுப் போறானுங்க. இது ரெண்டாவது தடவை லா" என்றாய். அப்பா பக்கத்தில்தான் நின்றார். டேப் சுற்றிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார்.

திரும்பி வருகிற வழியில் கவிதா அந்த வாடகைக் காரின் படத்தை எனக்குக் காட்டினாள். சின்னதாக, வெள்ளையாக, அழகான கார்தான். "பாருங்க அத்தை, அங்க எல்லாம் தலைகீழு. ஸ்டீரிங் லெஃப்ட்ல இருக்கு, நான் ரைட்ல உட்காரணும்" என்றாள். நீ, "ரெண்டு நாள்ல பழகிடும் லா" என்றாய். எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இங்கே நீ பார்க்காத பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கே தெரியாமல் உன் கண்ணாக இருக்கிறாள். அங்கே அவளைத் தூக்கி வலது பக்கம் உட்கார வைத்துவிடுவார்கள். உன் இடது பக்கம் கதவு மட்டும்தான் இருக்கும். எதிரே வருகிற வண்டி அத்தனையும் அந்த இடது பக்கமாகத்தான் வரும். இடது பக்கம் யார் பார்ப்பது? சொல், யார் பார்ப்பது?

உனக்குக் கோபம் வரும். ஒரு தேநீர் கொட்டியதற்கு அம்மா இவ்வளவு பெரிய கதை கட்டுகிறாளே என்பாய். கட்டுக்கதையாகவே போகட்டும், அந்த மெஷின் என்னைப் பொய்க்காரி ஆக்கட்டும். நான் தெருவில் நின்று எல்லோருக்கும் சொல்லிச் சிரிப்பேன். பயணம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் ஓட்டலாம் என்று சொன்னால் ஓட்டு. கூடாது என்று சொன்னால் கவிதா ஓட்டட்டும், உன்னைவிட நிதானமாக ஓட்டுகிறவள். ஆம்பளைதான் ஸ்டீரிங்கைப் பிடிக்க வேண்டும் என்கிற கிறுக்கு நம் வீட்டில் ஒரு தலைமுறைக்குப் போதும். இல்லை, ரயிலில் போங்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சிவந்த மலையை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு போ. மருந்தை இப்போதே ஆரம்பித்தால் உனக்கு மிச்சம் இருப்பது உன் ஆயுசுக்கும் இருக்கும். அப்பாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாகத் திரும்பி வந்துவிடுவீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். காரின் கண்ணாடி மட்டும் உடைந்து வருகிறது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயம். நாங்களாவது அன்று திரும்பிப் போய், நமக்குத் தெரிந்த பாஷையில் நாலு பேரைக் கேட்டோம். நீ அந்த மலையில் நின்று யாரிடம் போய், எந்தப் பாஷையில், இங்கே என்ன நடந்தது என்று கேட்பாய்? அப்பா சுமக்கிறதை நான் கூடவே இருந்து பார்க்கிறேன். அதை நீயும் சுமக்க வேண்டாம் கண்ணா.

குளுவாங்கில் கண் டாக்டரிடம் வருகிற சனிக்கிழமை காலைக்கு உன் பெயரைச் சொல்லி வைத்துவிட்டேன். கவிதா ஓட்டட்டும், நீ அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வா. காரணம் கேட்டால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடு.

எழுத வேண்டாம் என்று வைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கிளம்பினபோது வெயில் நன்றாகத்தான் இருந்தது. கேட்டுக்கு வெளியே நீ அப்பாவைப் பார்த்து நின்று பேசிக்கொண்டிருந்தாய். உனக்காகக் கட்டி வைத்த முறுக்குப் பையை எடுத்துக்கொண்டு நான் வந்து உன் இடது பக்கம் நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கை நீட்டினால் உன் தோளைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். பையைக்கூட உயர்த்திப் பிடித்தேன். நீ பேசி முடித்துவிட்டு, வீட்டு வாசலைப் பார்த்து, "அம்மா எங்கப்பா? உள்ள போய்ட்டாங்களா?" என்று கேட்டாய்.

நான் உன் தோளைத் தொட்டேன், நீ தூக்கிவாரிப் போட்டுத் திரும்பி, "எப்பம்மா வந்தீங்க?" என்று சிரித்தாய், பையை வாங்கினாய், காரில் ஏறினாய். கவிதா இடது பக்கம் எட்டிப் பார்த்து ஏதோ சொன்னாள், நீ வண்டியை எடுத்தாய். சத்தம் தேய்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். பிறகு அப்பா கேட் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"அவனுக்குமா?"

நான் இன்னும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சனிக்கிழமை நீ வந்து சொல்.

அம்மா